பெயரைச் சொல்வது உங்கள் தாள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கு,

கசிந்த ஆவணம் ஒன்று உங்களிடம் வெளியாகும்போதெல்லாம், செய்தியைப் படிக்கும் முன்பே அதனுடன் நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். மடிப்புக் கோடு தெரிகிறதா, அடியில் பிரின்ட் எடுத்த தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதா, கோப்பு எண்ணின் வால் கறுப்புப் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பின்பக்க முத்திரை தாளின் ஊடாகத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். ஏதாவது ஒன்று அகப்படாமல் போவது அரிது. நாங்கள் பார்ப்பதையெல்லாம், ஆவணத்தைக் கொடுத்தவரைத் தேடும் அலுவலகமும் பார்க்கும். எங்களிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது: அந்தக் கோப்பை யார் யார் திறந்தார்கள், யார் யார் பிரின்ட் எடுத்தார்கள் என்ற பட்டியல்.

ஆவணப் பாதுகாப்பும் கணினித் தடயங்களும் எங்கள் தொழில். உங்கள் மேல் எங்களுக்குள்ள குறை ஒன்றுதான். தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டோம், சிறைக்குப் போனாலும் சொல்ல மாட்டோம் என்கிறீர்கள். அந்த உறுதியை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் இன்று பெயரை உங்களிடம் யாரும் கேட்கவே வேண்டியதில்லை. நீங்கள் வெளியிட்ட தாளும், சரிபார்க்க அனுப்பிய நகலும், உங்கள் நிருபரின் தொலைபேசிப் பதிவும் போதும். வாயைப் பூட்டிவிட்டு வாசலைத் திறந்து போட்டிருக்கிறீர்கள்.

2017இல் நடந்ததைப் படிப்படியாகப் பாருங்கள். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவுக்காக ஒப்பந்தப் பணியில் இருந்தவர் ரியாலிட்டி வின்னர். 2016 தேர்தலில் ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு செய்த ஊடுருவல் பற்றிய ரகசிய அறிக்கை ஒன்றை பிரின்ட் எடுத்து, தி இன்டர்செப்ட் என்ற செய்தித் தளத்துக்குத் தபாலில் அனுப்பினார். ஆவணம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்துகொள்ள, அத்தளம் அதன் நகலை அரசுத் தரப்பிடமே கொடுத்தது. அடுத்து நடந்தது புலனாய்வுத் துறையின் பிரமாணப் பத்திரத்தில் வரிசையாக இருக்கிறது. நகலில் மடிப்புத் தடம் தெரிந்தது; எனவே தாளாக பிரின்ட் எடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரின்ட் எடுத்தவர்களின் பதிவைப் பார்த்தார்கள், 6 பேர். அந்த 6 பேரின் மேசைக் கணினிகளைச் சோதித்தார்கள். ஒருவர் மட்டும் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். ஜூன் 3 அன்று வின்னர் கைதானார். செய்தி வெளியானது ஜூன் 5 அன்று. அதாவது, வாசகர் ஒருவர்கூடப் படிப்பதற்கு முன்பே தகவல் தந்தவர் பிடிபட்டுவிட்டார். 2018இல் அவருக்கு 63 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தங்கள் நடைமுறை போதிய தரத்தில் இல்லை என்று அந்தத் தளத்தின் ஆசிரியர் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதில் யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மடிப்பு, அதிலிருந்து பிரின்ட், அதிலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஒன்று. சல்லடையில் சலிப்பது போன்ற வேலை இது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு விவரமும் ஒரு சல்லடை.

வெளியான பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. தளத்தில் ஏற்றப்பட்டிருந்த பிடிஎஃப் கோப்பில், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் இருந்தன. வெளியாட்களே அவற்றைப் படித்து, எந்த பிரின்டர், எந்த நாள், எந்த நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள்: 2017 மே 9, காலை 6.20. பிரமாணப் பத்திரத்தில் இந்தப் புள்ளிகளைப் பற்றிய பேச்சே இல்லை. அதுவரை போகும் தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை.

இந்தப் புள்ளிகளைப் பற்றி உங்கள் அலுவலகங்களில் அரைகுறையாகவே பேசப்படுகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம். பல நிறுவனங்களின் வண்ண லேசர் பிரின்டர்களும் வண்ண ஜெராக்ஸ் எந்திரங்களும் தாம் அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் இவற்றைப் பதிக்கின்றன. ஒரு புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் என்பதால் கண் அதைத் தவறவிடும். எந்திரத்தின் வரிசை எண், தேதி, நேரம் ஆகியவை ஒரு சிறு கட்டத்துக்குள் குறியீடாக அடங்கும். அந்தக் கட்டம் தாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ஓர் ஏ4 தாளில் நூறு முறைக்கு மேலும் வரலாம். ஆகவே தாளின் ஓரத்தைக் கிழித்துவிட்டால் போதும், பாதியை மட்டும் படமெடுத்தால் போதும் என்பதெல்லாம் பயன்படாது. 2005இல் டிஜிட்டல் உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஒரு ஜெராக்ஸ் மாடலின் 15க்கு 8 கட்டத்தைப் படித்துக் காட்டியது. 2018இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்புள்ளிகளைக் கண்டறியவும் மறைக்கவும் ஒரு மென்பொருளையே வெளியிட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் தாளில் இவை உண்டா என்று பார்க்க நீல நிற எல்இடி விளக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸும் போதும். நீல ஒளியில் மஞ்சள் கறுப்பாகத் தெரியும். ஸ்கேன் செய்த கோப்பு என்றால், படத் திருத்த மென்பொருளில் நீல அடுக்கை மட்டும் தனியே பிரித்து மாறுபாட்டைக் கூட்டுங்கள். கறுப்பு வெள்ளை லேசரிலும் இங்க்ஜெட்டிலும் இந்த மஞ்சள் புள்ளிகள் இருக்காது. அதற்காக அந்தத் தாள்கள் பாதுகாப்பானவை என்று எண்ணிவிடாதீர்கள். அலுவலகத்தில் பிரின்டருக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் யாருடைய கணக்கிலிருந்து, எந்தக் கோப்பு, எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு என்று சர்வரில் பதிவாகிறது. உருளையில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு தாளிலும் அதே இடைவெளியில் ஒரு கோடு விழும்; அது அந்த எந்திரத்தின் கைரேகை.

எந்திரத்தின் கைரேகை புதிதல்ல. 1983இல் அமெரிக்க ஏவுகணைகள் பிரிட்டனின் கிரீன்ஹாம் காமன் தளத்துக்கு வரும் விதத்தைப் பற்றிய அரசுக் குறிப்புகளின் ஜெராக்ஸ் நகல் தி கார்டியன் நாளிதழுக்கு, பெயர் குறிப்பிடாமல் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் யார் என்று ஆசிரியருக்கே தெரியாது. காட்டிக்கொடுக்க அவரிடம் பெயரே இல்லை. ஆனால் தாள் இருந்தது. நகலைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது, நாளிதழ் கொடுத்தது. எந்த எந்திரத்தில் நகலெடுக்கப்பட்டது என்பது அதிலிருந்து தெரிந்தது. வெளியுறவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாரா டிஸ்டாலுக்கு 1984இல் 6 மாதச் சிறை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஜூலையில், என்எஸ்ஏவின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் தந்த கோப்புகள் இருந்த வட்டுகளை ஒப்படைக்கச் சொல்லி அரசு நெருக்கியபோது, அதே நாளிதழ் அவற்றைத் தன் கட்டடத்தின் அடித்தளத்திலேயே அரைத்தும் துளையிட்டும் அழித்தது. அரசின் தொழில்நுட்ப ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கோப்புகளின் பிரதிகள் வேறு நாடுகளில் பத்திரமாக இருந்ததால் செய்தி நிற்கவில்லை. அந்த முப்பது ஆண்டுப் பாடத்தை ஒவ்வோர் ஆசிரியரும் இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பித்தான் கற்க வேண்டுமா?

தாளை விட்டுவிட்டு எழுத்துக்கு வருவோம். எழுத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கும் நிருபர்கள் நிறைய. ஒரே சுற்றறிக்கையை நூறு பேருக்கு அனுப்பும் அலுவலகம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அனுப்ப முடியும். வரிகளை ஓர் அங்குலத்தின் 300இல் ஒரு பங்கு மேலும் கீழும் நகர்த்திக் குறியிடும் முறை 1990களிலேயே சோதித்துக் காட்டப்பட்டது. ஜெராக்ஸ் எடுத்த பிறகும் அக்குறியைப் படிக்க முடிந்தது. டிஜிட்டல் எழுத்தில் அகலமே இல்லாத யூனிகோடு குறிகளைச் சொற்களுக்கு நடுவே தூவலாம்.

தமிழில் இதற்கு அவைகூட வேண்டியதில்லை. ‘கௌ’ என்பதை முறையான ஔகாரக் குறியைக் கொண்டும் எழுதலாம். ஒற்றைக் கொம்பைப் போட்டு பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ‘ஸ்ரீ’ என்பதற்கு யூனிகோடில் இரண்டு எழுத்து வரிசைகள் உண்டு. ‘எ’ என்ற எழுத்தும் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றே. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் பதிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் பதிக்கலாம். இப்படிப்பட்ட இடங்கள் பத்து கிடைத்தால், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து 1,024 வெவ்வேறு நகல்களை உருவாக்கலாம். யூனிகோடைச் சீராக்கும் வழக்கமான கருவிகள் கடைசியில் சொன்ன ஒன்றைத்தான் சரிசெய்யும். ‘ள’வும் ‘ஸ்ரீ’யும் அப்படியே நிற்கும். நகலெடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டும்போது குறியும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு மாற்று, கையால் தட்டச்சு செய்வதுதான். ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்ய வேண்டும், மூன்றாமவர் ஒப்பிட வேண்டும். பார்த்துத் தட்டச்சு செய்பவர் வரி முறிவையும் இடைவெளியையும் தன்னை அறியாமல் பின்பற்றுவார். கேட்டுச் செய்பவரால் அது முடியாது. சொல் மாற்றிக் குறியிடப்பட்டிருந்தால், அதாவது ஒருவர் நகலில் ‘உடனே’ என்றும் இன்னொருவர் நகலில் ‘உடனடியாக’ என்றும் இருந்தால், இந்த முறையும் காப்பாற்றாது. அந்த ஐயம் இருக்கும்போது மேற்கோளே வேண்டாம். உங்கள் சொற்களில் பொருளை எழுதுங்கள். வேறு ஒருவரிடமிருந்து இன்னொரு நகல் கிடைத்தால் இரண்டையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். வேறுபாடு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது எச்சரிக்கை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: திருத்தாதீர்கள். 2003இல் ஈராக் போர் வாக்கெடுப்புக்கு முன்பு ஐ.நா. தூதர்களை ஒட்டுக்கேட்கக் கோரிய என்எஸ்ஏ மின்னஞ்சலை, பிரிட்டனின் மின்னணு உளவு அமைப்பான ஜிசிஎச்கியூவில் பணியாற்றிய கேத்தரின் கன் வெளிக்கொணர்ந்தார். தி அப்சர்வர் அதை 2003 மார்ச் 2 அன்று வெளியிட்டது. வெளியிடும்போது அலுவலகத்தில் அமெரிக்க எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலாக மாற்றப்பட்டுவிட்டது. ஓர் அமெரிக்க முகமையின் கடிதத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் எப்படி வந்தது, இது போலி என்று கிளம்பினார்கள். ஒரு பெண் தன் வேலையையும் விடுதலையையும் பணயம் வைத்துக் கொடுத்த சான்று, ஒரு பிழைதிருத்தும் வேலையால் ஐயத்துக்குள்ளானது. கன் கைதானார், அவர் மேல் வழக்குத் தொடரப்பட்டது; 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு அதைக் கைவிட்டது. மூலத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழை உங்கள் பக்கத்திலும் இருக்கட்டும்.

படங்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. செல்பேசிப் படம் எடுத்த இடத்தையும் கருவியின் பெயரையும் நேரத்தையும் சுமந்து வரும். வெட்டிய படத்தின் முழு வடிவம் அதன் சிறுபடத்தில் மிச்சமிருக்கலாம். 2023இல் கூகுள் பிக்சல் செல்பேசிகளில் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டின் அறுத்தெறிந்த பகுதியையே மீட்க முடிந்தது தெரியவந்தது. பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் படித்துவிடலாம். 2014 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஸ்னோடன் ஆவணத்தில் ஓர் உளவுத் துறை ஊழியரின் பெயர் இப்படித்தான் வெளியேறியது. 2019 ஜனவரியில், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் அதே பிழையைச் செய்தார்கள். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் இன்னும் மோசம். எழுத்துரு தெரிந்தால் திருப்பிப் படிக்க முடியும். ஒழுங்காகக் கறுப்படித்தாலும் பட்டையின் நீளம் பெயரின் நீளத்தைச் சொல்லும். ஐந்து பேர் பட்டியலில் ஒருவர் பெயர் மட்டும் நீளமானது என்றால் பட்டையே பெயர்ப்பலகை.

மேலே சொன்ன நியூயார்க் டைம்ஸ் தவறு இன்னொன்றையும் காட்டுகிறது. தேசப் பாதுகாப்பு என்று அரசு சொல்லும்போதெல்லாம் அது சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆவணத்துக்குள் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் எந்தக் குற்றமும் செய்யாத ஊழியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தூதரகத்தில் வந்து பேசிவிட்டுப் போன சாதாரண மனிதர்கள். விக்கிலீக்ஸ் தளத்தின் கைக்கு வந்த 2,51,287 அமெரிக்கத் தூதரகத் தந்திகளில் ஒரு பகுதியை 2010இல் நாளிதழ்கள் பெயர்களை நீக்கி வெளியிட்டன. தந்திகள் அனைத்தும் அடங்கிய மறைகுறியிட்ட கோப்பு இணையத்தில் கிடந்தது. அதன் கடவுச்சொல் 2011இல் செய்தியாளர்கள் இருவர் எழுதிய நூலில் அச்சாகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் மொத்தமும் பெயர்களோடு வெளியே வந்தது. ஒரு பக்கம் கோப்பை அகற்றாதவர்கள், இன்னொரு பக்கம் கடவுச்சொல் இனி பயன்படாது என்று நம்பியவர்கள். பெயர் வெளியான மனிதர்களுக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

வியட்நாம் போர் பற்றிய 7,000 பக்க ரகசிய ஆய்வை 1969இல் ஜெராக்ஸ் எடுக்கத் தொடங்கிய டேனியல் எல்ஸ்பர்க், 1971இல் அதைப் பத்திரிகைகளுக்குத் தந்தபோது, சமாதானப் பேச்சுகளைப் பற்றிய நான்கு தொகுதிகளைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். பேச்சு கெட்டுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். முறைகேட்டைக் காட்ட எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறியும் பொறுப்பை அவர் தானே சுமந்தார். ஸ்னோடனும் தான் கொடுத்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டாம், பொதுநலன் பார்த்து வெளியிடுங்கள் என்றுதான் செய்தியாளர்களிடம் கொடுத்தார். கொடுப்பவர்கள் காட்டும் நிதானத்தை வாங்குபவர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது அதிகப்படி ஆகாது.

உள்ளேயே முறையிட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள், உங்கள் தலையங்கங்களிலும் அது வருகிறது. என்எஸ்ஏவின் தாமஸ் டிரேக் அதைத்தான் செய்தார். பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரியிடம் போன புகாருக்குச் சாட்சியம் அளித்தார். 2010இல் அவர் மேல் பத்துக் கடும் குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. 2011இல் அவை விலக்கப்பட்டு, ஒரு சிறு குற்றத்தோடு முடிந்தது. அதற்குள் வேலையும் சேமிப்பும் போயிருந்தன. உள்வழி மூடிக் கிடப்பதால்தான் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

அந்த வாசல் எப்படி இருக்கிறது? ‘தகவல் அனுப்ப இந்த வாட்ஸ்அப் எண்’ என்று ஒரு பட்டை. என்ன பேசினார்கள் என்பது மறைகுறியில் இருக்கலாம். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது வேறு கணக்கு. அமெரிக்க நீதித் துறை, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாத அழைப்புப் பதிவை ரகசியமாக எடுத்தது 2013 மே மாதம் தெரியவந்தது. ஒரு சொல்கூட ஒட்டுக்கேட்கப்படவில்லை, தேவையும் இல்லை. சிக்னல் செயலியிடம் 2016இல் சட்டப்படியான அழைப்பாணையோடு கேட்டபோது கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிரக் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. எந்தச் செயலி என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இது போதும். ஆனாலும் கைப்பற்றப்படும் செல்பேசியில் உரையாடல் அப்படியே இருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. தானாக அழியும் அமைப்பை உங்கள் நிருபர் முதல் செய்தியிலேயே போட வேண்டும். ஸ்னோடன் 2012 டிசம்பரில் பெயர் சொல்லாமல் முதலில் தொடர்புகொண்ட செய்தியாளர், மறைகுறி மென்பொருளை நிறுவாமலே நாள்களைக் கடத்தினார். ஸ்னோடன் வேறொருவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. எத்தனை பேர் வேறொருவரைத் தேடாமலே திரும்பிப் போயிருப்பார்கள்!

செக்யூர்டிராப் என்ற முறை 2013இலிருந்து இருக்கிறது, இலவசம். தகவல் தருபவர், எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டோர் உலாவியில் வந்து கோப்பை இடுவார்; சில சொற்களாலான ஒரு கடவுத்தொடர் அவருக்குக் கிடைக்கும்; அதைக் கொண்டு பதிலைப் பார்க்கத் திரும்பி வருவார். அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள், ஒரு ஃபயர்வால், இணையமே இல்லாத ஒரு கணினி வேண்டும். கோப்பு அந்தக் கணினியில் மட்டுமே திறக்கப்பட வேண்டும். வேர்டு கோப்புக்குள் வெளியிலிருந்து படத்தை இழுக்கும் ஓர் இணைப்பை வைத்தால், இணையத்தோடு திறந்த நொடியில் உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரி ஆவணத்தின் உரிமையாளருக்குப் போய்விடும். செய்தி வரும் முன்பே கசிவு தெரிந்துவிடும்.

இதை நிறுவிய இடங்களிலும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, மாதக் கணக்கில் பெட்டியை யாரும் திறப்பதில்லை. மற்றொன்று நுட்பமானது. இதற்கான பக்கத்துக்கு ‘டிப்ஸ்’ என்று தொடங்கும் தனி முகவரி கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைக்கும் எச்டிடிபிஎஸ் இருந்தாலும் தளத்தின் பெயர் வலைப்பின்னல் பதிவில் தெரியும்; அலுவலகத்திலிருந்து அந்தப் பெயரைத் தொட்டவர் ஒருவர்தான் என்றால் வேலை முடிந்தது. உங்கள் முதன்மை முகவரிக்கு உள்ளேயே ஒரு பக்கமாக வைத்தால், நாளிதழ் படித்தவர்களோடு அவரும் ஒருவராகக் கரைந்துவிடுவார். அந்தப் பக்கத்தில் விளம்பர நிரல்களும் வருகை எண்ணும் நிரல்களும் இருக்கக் கூடாது.

சரிபார்த்தலைப் பற்றிக் கடைசியாக ஒன்று. சரிபார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நகலைக் காட்டாமல் செய்யுங்கள் என்கிறோம். ‘இப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதா’ என்று கேளுங்கள். ‘மே மாதத்து ஐந்து பக்க அறிக்கையில் இருக்கிறதே’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தின் வடிவம் உண்மையானதா என்று அறிய, அத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை உங்கள் அறைக்கே வரவழைத்து, தட்டச்சு செய்த பிரதியைக் காட்டுங்கள். செய்தியில் ‘பெயர் வெளியிட விரும்பாத, அண்மையில் மாற்றலான மூத்த அதிகாரி’ என்று எழுதாதீர்கள். மூன்று அடைமொழியில் நானூறு பேர் நான்கு பேராகிவிடுவார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. கசிந்த ஆவணத்தின் ஸ்கேனையோ படத்தையோ மூலக் கோப்பையோ எக்காரணம் கொண்டும் வெளியிடுவதில்லை என்று எழுத்தில் விதி வகுங்கள்; விலக்கு வேண்டுமானால் தகவல் தந்தவரின் ஒப்புதலும் தடயம் அறிந்த ஒருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கும், எந்த அதிகாரிக்கும், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், நகலைக் கொடுப்பதைத் தடை செய்யுங்கள்.

தட்டச்சுப் பிரதி ஒப்பிட்டு முடிந்ததும் மூலத் தாளை அழிப்பதை நிலையான நடைமுறையாக்குங்கள். நீதிமன்ற அறிவிப்பு வந்த பிறகு அழித்தால் அது குற்றமாகிவிடும். விதி முன்கூட்டியே இருந்து, எல்லா ஆவணத்துக்கும் ஒரேபோல் நடந்தால்தான் அது உங்களைக் காக்கும். வழக்குக்குச் சான்றாக மூலம் தேவைப்படும் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். எதை வைத்திருப்பது என்று அவரோடு முதல் நாளே பேசி முடிவெடுங்கள், செய்தி வந்த பிறகு அல்ல.

இணையம் இல்லாத ஒரு கணினியை இந்த மாதமே வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் பட்டையை எடுத்துவிட்டு, அலுவலக வலைப்பின்னலிலிருந்தும் அலுவலகச் செல்பேசியிலிருந்தும் தொடர்புகொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கையை அந்த இடத்தில் தெளிவான தமிழில் போடுங்கள். அனுப்பியதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் தரும் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். ஆவணத்தில் உள்ள மூன்றாம் மனிதர்களின் பெயர்களை நீக்கும்போது, கறுப்புக் கட்டம் வரையாமல், வரியையே எடுத்துவிட்டு ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். இந்த விதிகளை மூன்று மாதத்துக்குள் உங்கள் வாசகர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். கொடுக்க நினைப்பவர் முதலில் அதைத்தான் தேடிப் படிப்பார்.

கடைசிக் கோரிக்கைக்குப் பணமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். உங்கள் தளங்களின் பழைய பக்கங்களில் கடந்த ஆண்டுகளில் போட்ட ஆவணப் படங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்தவர்களில் பலர் இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படங்களை இன்றே எடுத்துவிட்டு, தட்டச்சு செய்த வாசகத்தை அங்கே வையுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள்